நெய்வேலிக்குப் பக்கத்தில் ஓடும் மின்சார லாரி கார்பனைக் குறைக்குமா?

மின்சார லாரிகளைப் பற்றி எந்தச் செய்தி வந்தாலும் ‘பூஜ்ய உமிழ்வு’ என்ற சொல்லும் கூடவே வந்துவிடுகிறது. கடலூர் பக்கம் இருப்பவர்கள் அதைப் படித்ததும் நெய்வேலியை நினைக்காமல் இருக்க முடியாது. லாரிக்குப் புகைக்குழாய் இல்லை, சரி. ஆனால் அதில் ஏற்றும் மின்சாரம் பழுப்பு நிலக்கரியை எரித்துத்தானே வருகிறது? கடலூர் சிப்காட் தொழிற்பேட்டை உள்ள குடிகாட்டில் வர வேண்டிய புகையை 40 கிலோமீட்டர் தள்ளி நெய்வேலியில் விடுவதற்கா இத்தனை மானியம்?

கேள்வி நியாயமானது. ஆனால் ‘ஆம்’ என்றோ ‘இல்லை’ என்றோ ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. அதே லாரி, அதே சாலை, அதே லோடு. ஏற்றும் மின்சாரம் மட்டும் மாறினால் கார்பன் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. ஒரு வகை மின்சாரத்தில் டீசல் லாரியைவிடக் கூடுதலாகவே கார்பன் போகிறது. இன்னொரு வகையில் டீசல் லாரி விடுவதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. எது எப்போது என்று அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

புகை வேறு, கார்பன் வேறு

பாதிக் குழப்பம் இந்த இரண்டையும் ஒன்றாகப் பேசுவதால் வருவது.

பழைய லாரி மேட்டில் ஏறும்போது கறுப்பாகக் கக்குவது கரித்துகள். கூடவே வரும் நைட்ரஜன் ஆக்சைடுகள் கண்ணையும் தொண்டையையும் எரிய வைக்கும். இவை நுரையீரலைத் தாக்குபவை, எங்கே விடப்படுகின்றனவோ அங்கேதான் முதல் பாதிப்பு. கார்பன் டை ஆக்சைடு வேறு வகை. நிறமில்லை, மணமில்லை, சாலையோரம் இருக்கும் அளவில் மூச்சுக்குத் தொந்தரவும் இல்லை. பூமியிலிருந்து வெளியேற வேண்டிய வெப்பத்தைப் பிடித்து வைப்பதுதான் அதன் வேலை. வெளியே போனதில் ஒரு பகுதி பல நூறு ஆண்டுகள் காற்றிலேயே தங்கும். கடலூரில் விட்டாலும் நெய்வேலியில் விட்டாலும் அதன் விளைவு ஒன்றுதான்.

ஆகவே ‘புகை இடம் மாறுகிறது, அவ்வளவுதானே’ என்ற வாதத்தை இரண்டாகப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும். புகையைப் பொறுத்தவரை இடம் மாறுவதே ஒரு லாபம். கடலூரின் முதுநகரிலும் மஞ்சக்குப்பத்திலும் கடைவாசலில் நிற்பவரின் மூக்குக்கு நேராகப் புகை வருவது நிற்கும். நெய்வேலியைச் சுற்றி ஏற்கெனவே சாம்பலோடு வாழ்பவர்களுக்கு இது ஆறுதல் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கார்பனில் இடம் மாறினால் லாபமே கிடையாது. அங்கே மொத்த அளவு குறைந்ததா என்பது மட்டும்தான் கேள்வி.

இன்னொரு விஷயம். 2020 ஏப்ரல் 1 முதல் விற்கப்படும், ‘பாரத் ஸ்டேஜ்’ புகைத் தரத்தின் ஆறாம் நிலையான பி.எஸ்.-6 லாரிகளில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டியும், யூரியா கரைசலைத் தெளித்து நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்கும் அமைப்பும் உண்டு. புகை உண்மையிலேயே நன்றாகக் குறைந்திருக்கிறது. ஆனால் கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கும் வடிகட்டி எந்த லாரியிலும் இல்லை. எரித்த டீசலின் அளவு எவ்வளவோ அதற்கேற்ற கார்பன் வெளியே போயே தீரும்.

ஒரு லிட்டர் டீசல் எப்படி 2.7 கிலோ வாயு ஆகிறது

ஒரு லிட்டர் டீசலின் எடை ஏறக்குறைய 830 கிராம். அதை எரித்தால் சுமார் 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வருகிறது. எடை மூன்று மடங்குக்கு மேல் கூடுவது எப்படி என்று பலரும் நம்ப மறுப்பார்கள். காற்றிலிருக்கும் ஆக்சிஜன் வந்து சேர்வதுதான் காரணம். டீசலில் எடைக் கணக்கில் 86 சதவீதம் போலக் கார்பன் இருக்கிறது. எரியும்போது ஒவ்வொரு 12 கிராம் கார்பனும் 32 கிராம் ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு 44 கிராம் கார்பன் டை ஆக்சைடாக மாறுகிறது.

இது எஞ்சினில் எரிவது மட்டும். இந்தியா தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி செய்கிறது. கிணற்றிலிருந்து எடுப்பது, கப்பலில் கொண்டுவருவது, சுத்திகரிப்பது, டேங்கரில் பெட்ரோல் பங்க்குக்குக் கொண்டு சேர்ப்பது என்று எல்லாவற்றிலும் ஆற்றல் செலவாகிறது. இதற்காகச் சுமார் 20 சதவீதம் சேர்த்துக்கொள்வது வழக்கம். மின்சாரத்துக்கு மட்டும் மின் நிலையம் வரை போய்க் கணக்குப் பார்த்து, டீசலுக்குப் பங்க்கோடு நிறுத்திக்கொள்வது சரியல்ல. புதுச்சேரி எல்லையில் உள்ள கன்னியக்கோயில் பங்க்குகளில் விலை குறைவு என்று கடலூர் வண்டிகள் எல்லை தாண்டிப்போய் நிரப்பும் டீசலுக்கும் பின்னால் இந்த நெடும்பயணம் இருக்கிறது.

லாரிகளுக்கு மட்டும் ஏன் இத்தனை கவனம் என்றால் காரணம் இதுதான்: நாட்டின் மொத்த வாகனங்களில் லாரிகள் 3 சதவீதம் போலத்தான். சாலைப் போக்குவரத்து விடும் கார்பனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அவற்றுடையது என்கிறது நிதி ஆயோக் 2022-ல் வெளியிட்ட அறிக்கை.

மோட்டாருக்கு ஏன் குறைந்த ஆற்றல் போதும்

ஒரு லிட்டர் டீசலுக்குள் இருக்கும் ஆற்றல் சுமார் 10 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். நல்ல டீசல் எஞ்சின்கூட அதில் 35 முதல் 40 சதவீதத்தைத்தான் சக்கரத்துக்குக் கொடுக்கும். மீதி ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் வெப்பமாகப் போய்விடும். மின்மோட்டார், தான் வாங்கும் மின்சாரத்தில் 85 சதவீதத்துக்கு மேல் சக்கரத்துக்குக் கொடுத்துவிடுகிறது.

கூடவே இரண்டு லாபங்கள் உண்டு. பிரேக் போடும்போதும் சரிவில் இறங்கும்போதும் மோட்டாரே ஜெனரேட்டராக மாறிக் கொஞ்சம் மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும். முழு லோடோடு வரும் வண்டியின் எடை பெரியது என்பதால், நிறுத்தி நிறுத்தி ஓட்டும் சாலையில் இப்படித் திரும்புவதும் கணிசமாக இருக்கும். அடுத்தது, நிற்கும்போது மோட்டார் எதையும் எரிப்பதில்லை. துறைமுக வாசலில் வரிசையில் நிற்கும் ட்ரெய்லரை நினைத்துப் பாருங்கள். ஏ.சி.க்காகவும் அடிக்கடி நகர்த்துவதற்காகவும் எஞ்சினை அணைக்காமல் வைத்திருந்தால் ஒரு அடி நகராமலே மணிக்கு ஓரிரு லிட்டர் டீசல் போய்விடும்.

ஒரு யூனிட் மின்சாரத்தில் எவ்வளவு கார்பன்

மீதிக் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. ‘மின்சாரம்’ என்று ஒரே பெயர் இருந்தாலும், அது எதிலிருந்து வந்தது என்பதைப் பொறுத்து ஒவ்வொரு யூனிட்டின் கார்பனும் மாறும்.

1. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி: இதன் எடையில் பாதி போல ஈரம்தான். கொதிகலனுக்குள் போனதும் அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே வெப்பத்தில் ஒரு பகுதி செலவாகிவிடுகிறது. அதனால் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோ பழுப்பு நிலக்கரி தேவைப்படுகிறது. வெளியே போவது யூனிட்டுக்கு 1.1 முதல் 1.2 கிலோ கார்பன் டை ஆக்சைடு. 2019-க்குப் பிறகு ஓடத் தொடங்கிய 1,000 மெகாவாட் புதிய நிலையத்தில் இது கொஞ்சம் குறைவு. 1962-ல் ஓடத் தொடங்கி 2020-ல் மூடப்பட்ட முதலாம் அனல் மின் நிலையத்தில் இதைவிட அதிகமாக இருந்தது.

2. கறுப்பு நிலக்கரி: யூனிட்டுக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு.

3. இந்தியாவின் மொத்த மின் உற்பத்திச் சராசரி: மத்திய மின்சார ஆணையத்தின் அண்மை ஆண்டுக் கணக்குகளில் இது யூனிட்டுக்கு 0.72 கிலோவை ஒட்டி நிற்கிறது. அனல், நீர், அணு, காற்று, சூரியன் எல்லாம் கலந்த எண் இது.

4. சூரிய மின்சாரம்: ஓடும்போது எதுவும் இல்லை. பலகை செய்தது, நிறுவியது எல்லாவற்றையும் அதன் ஆயுளுக்குப் பிரித்தால் யூனிட்டுக்கு 40 முதல் 50 கிராம்.

முதல் எண்ணுக்கும் கடைசி எண்ணுக்கும் இடையே 20 மடங்குக்கு மேல் வித்தியாசம். லாரியைப் பற்றிப் பேசுகிறோம் என்று நினைத்துக்கொண்டு பெரும்பாலும் இந்த வித்தியாசத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.

100 கிலோமீட்டருக்கு ஒரு கணக்கு

மொத்த எடை 55 டன் கொண்ட ட்ரெய்லர், முழு லோடு, நெடுஞ்சாலை ஓட்டம் என்று வைத்துக்கொள்வோம். மைலேஜ் டிரைவரைப் பொறுத்தும் சாலையைப் பொறுத்தும் மாறும் என்பதால் இவை தோராய எண்கள். அளவைப் புரிந்துகொள்ள இது போதும்.

1. டீசல் ட்ரெய்லர்: லிட்டருக்கு 2.5 கிலோமீட்டர் என்றால் 40 லிட்டர். எஞ்சினில் எரிவதால் 107 கிலோ. பங்க் வரை கொண்டு வந்து சேர்த்த கார்பனையும் கூட்டினால் 130 கிலோவை ஒட்டி வரும்.

2. மின்சார ட்ரெய்லர்: பேட்டரியிலிருந்து 140 யூனிட் எடுக்கும். சார்ஜ் ஏற்றும்போது கொஞ்சம் வெப்பமாகப் போவதால் டிப்போ மீட்டரில் 155 யூனிட் ஓடியிருக்கும். கம்பிகளில் ஆகும் இழப்பையும் சேர்த்தால் மின் நிலையத்தில் 170 யூனிட் உற்பத்தியாகியிருக்க வேண்டும்.

3. அந்த 170 யூனிட்டும் பழுப்பு நிலக்கரியில் வந்தது என்றால்: 190 முதல் 200 கிலோ. டீசலைவிட ஏறக்குறைய பாதிப் பங்கு கூடுதல்.

4. இந்தியச் சராசரி மின்சாரம் என்றால்: 122 கிலோ. நிலக்கரியைத் தோண்டி ரயிலில் கொண்டுவரும் செலவையும் சேர்த்தால் இதுவும் 130-ஐ நெருங்கிவிடும். அதாவது டீசலும் மின்சாரமும் சமம்.

5. ஷெட்டின் கூரையிலேயே சூரியப் பலகை போட்டு நேரடியாக ஏற்றினால்: 155 யூனிட்டுக்கு 7 கிலோ போல.

நான்காவது எண்ணைப் பார்த்து மின்சார லாரி ஆதரவாளர்களுக்கு வருத்தம் வரலாம். ஆனால் அதை மறைத்துவிட்டுப் பேசுவதில் பயனில்லை. முழு லோடோடு நெடுஞ்சாலையில் ஒரே சீராக ஓடுவதுதான் டீசல் எஞ்சின் நன்றாக வேலை செய்யும் இடம். அங்கே மின்சார லாரி, மின்சாரம் சுத்தமானால் மட்டுமே ஜெயிக்கும். ஊருக்குள் நின்று நின்று ஓடும் சிறிய வண்டிகளிலும், காத்திருப்பு அதிகமுள்ள ஓட்டங்களிலும் மின்சாரத்தின் பக்கம் தராசு இன்னும் சாயும்.

அப்படியானால் கடலூர் லாரி நெய்வேலி மின்சாரத்திலா ஓடுகிறது?

பக்கத்தில் இருப்பதால் நமக்கு வருவது நெய்வேலி மின்சாரம்தான் என்று தோன்றும். மின் கட்டமைப்பு அப்படி இயங்குவதில்லை. நெய்வேலியில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் தமிழ்நாட்டுடன் கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா, புதுச்சேரி ஆகியவற்றுக்கும் பங்கு உண்டு. தென் மாநிலக் கட்டமைப்பு 2013 டிசம்பர் 31 அன்று நாட்டின் மற்ற பகுதிகளோடு இணைக்கப்பட்டது. அன்று முதல் நாடு முழுவதும் ஒரே கட்டமைப்பு. கன்னியாகுமரிப் பக்கம் காற்றாலை சுற்றினாலும் ராஜஸ்தானில் வெயில் அடித்தாலும் எல்லாம் ஒரே குளத்தில் சேர்கிறது. அதிலிருந்து ஒரு குடம் எடுத்துவிட்டு இது எந்த வாய்க்கால் தண்ணீர் என்று பிரிக்க முடியாது.

புதுச்சேரிக்கும் இதே நிலைதான். சொந்தமாக இருப்பது காரைக்காலில் 32.5 மெகாவாட் எரிவாயு மின் நிலையம். மற்றதெல்லாம் பெரும்பாலும் நெய்வேலி உள்ளிட்ட மத்திய நிலையங்களிலிருந்து வருவது. எல்லையின் இந்தப் பக்கம் ஏற்றினாலும் அந்தப் பக்கம் ஏற்றினாலும் கார்பன் கணக்கில் பெரிய மாற்றம் இருக்காது.

சரியான கேள்வி வேறு. நான் இப்போது ஒரு லாரியைச் சொருகினால், அந்தக் கூடுதல் தேவைக்காக எந்த நிலையம் கூடுதலாக ஓடும்? சூரியனுக்கும் காற்றுக்கும் எரிபொருள் செலவு இல்லை என்பதால், கிடைப்பதை முதலில் எடுத்துக்கொள்வார்கள். அதற்கு மேல் தேவைப்படுவதை நிலக்கரி நிலையங்களைக் கூட்டியும் குறைத்தும் சமாளிக்கிறார்கள். ஆகவே நேரம்தான் முக்கியம்:

1. மாலை 6 முதல் 10 வரை: சூரியன் மறைந்துவிடும், வீடுகளில் விளக்கும் ஏ.சி.யும் ஓடத் தொடங்கும். இந்த நேரத்தில் ஏற்றும் ஒவ்வொரு யூனிட்டும் ஏதோ ஓர் அனல் மின் நிலையத்தைக் கூடுதலாக ஓட வைக்கும். மிக மோசமான நேரம் இதுதான்.

2. நள்ளிரவு: கட்டமைப்பில் சுமை குறைவு, ஆனால் ஓடுவதில் பெரும்பகுதி நிலக்கரி. ‘இரவில் ஏற்றினால் நல்லது’ என்ற பொது நம்பிக்கை கார்பன் கணக்கில் பெரும்பாலும் செல்லாது. காற்றாலைகள் முழு மூச்சில் ஓடும் தென்மேற்குப் பருவ மாதங்கள் இதற்கு விலக்கு. தமிழ்நாட்டில் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டியது. ஆடிக் காற்று வீசும் நாள்களில் இரவு மின்சாரத்திலும் நல்ல பங்கு காற்றினுடையது.

3. காலை 9 முதல் மாலை 4 வரை: சூரிய மின்சாரம் உச்சத்தில் இருக்கும். சில நாள்களில் வாங்க ஆளில்லாமல் சூரிய, காற்று உற்பத்தியையே குறைக்கச் சொல்லும் நிலைகூட வருகிறது. அந்த நேரத்தில் ஏற்றினால் வீணாக இருந்த மின்சாரத்தில் லாரி ஓடுகிறது என்று பொருள்.

விலையும் இதே திசையில் நகர்கிறது. 2023-ல் திருத்தப்பட்ட மத்திய மின் நுகர்வோர் விதிகள், சூரிய நேரக் கட்டணம் சாதாரணக் கட்டணத்தைவிடக் குறைந்தது 20 சதவீதம் குறைவாக இருக்க வேண்டும் என்று சொல்கின்றன. இதை மாநில ஆணையங்கள் எவ்வளவு முழுமையாக அமல்படுத்துகின்றன என்பதை லாரி உரிமையாளர் சங்கங்கள் கவனித்துக் கேட்க வேண்டும். கார்பன் குறைவதும் செலவு குறைவதும் ஒரே நேரத்தில் நடக்கும் இடம் இது.

பகலில் நின்று, இரவில் ஓடும் வண்டிகள்

பகலில் ஏற்று என்றால் வண்டி எப்போது ஓடும் என்ற கேள்வி வரும். நம் ஊர் லாரித் தொழிலின் நடைமுறையே இதற்கு ஒத்து வருகிறது. பெரிய நகரங்களுக்குள் கனரக லாரிகளுக்குப் பகல் நேரக் கட்டுப்பாடு உண்டு. அதனால் சென்னைக்குப் போகும் வண்டிகளில் பெரும்பாலானவை இரவில்தான் ஓடுகின்றன. பகலில் டிரைவர் தூங்குகிறார், வண்டி ஷெட்டிலோ கம்பெனி வாசலிலோ நிற்கிறது. அந்த நேரம்தான் வெயில் நேரம்.

ஒரு லாரிக்கு எவ்வளவு சூரியப் பலகை வேண்டும்? நாளுக்கு 200 கிலோமீட்டர் ஓடும் கனரக லாரிக்கு 310 யூனிட் தேவை. தமிழ்நாட்டு வெயிலில் ஒரு கிலோவாட் பலகை சராசரியாக நாளுக்கு நான்கு யூனிட்டுக்குச் சற்று மேல் தரும். அப்படியென்றால் 75 கிலோவாட் போலப் போட வேண்டும். இடைவெளி விட்டுப் பரப்பினால் 15 முதல் 18 சென்ட் இடம் பிடிக்கும். தனி லாரி வைத்திருப்பவருக்கு இது எட்டாத இடம். சிப்காட்டில் ஒரு கிடங்கின் கூரை அதைவிடப் பெரியது. புதுச்சேரியின் சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைகளிலும் வெயிலில் சும்மா காயும் தகரக் கூரைகளுக்குப் பஞ்சமில்லை. மழைக்காலத்தில், குறிப்பாக ஐப்பசி கார்த்திகையில், உற்பத்தி விழும். அப்போது கட்டமைப்பிலிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கும்.

வேகமும் பார்க்க வேண்டும். 280 யூனிட் பேட்டரியை 60 கிலோவாட் சார்ஜரில் ஏற்ற ஐந்து மணி நேரம் ஆகும். 240 கிலோவாட் சார்ஜரில் ஒன்றேகால், ஒன்றரை மணி நேரம் போதும், ஆனால் அதற்கு உயர் அழுத்த இணைப்பும் சொந்த டிரான்ஸ்பார்மரும் வேண்டும். பகல் முழுக்க நிற்கும் வண்டிக்கு மெதுவான சார்ஜரே போதும். அதற்கு முதலீடும் குறைவு, வெயிலோடும் ஒத்துப்போகும். பகலிலும் ஓட வேண்டிய வண்டி என்றால் பேட்டரியைக் கழற்றி மாற்றும் முறை இருக்கிறது. வண்டி ஒரு பேட்டரியில் ஓடும்போது இன்னொன்று வெயிலில் ஏறிக்கொண்டிருக்கும்.

பேட்டரி பிறக்கும்போதே சுமக்கும் கடன்

பேட்டரி செய்வதிலும் கார்பன் போகிறது. சுரங்கம், வேதிப்பொருள், தொழிற்சாலை மின்சாரம் எல்லாம் சேர்த்து, ஒரு யூனிட் கொள்ளளவுக்கு 60 முதல் 100 கிலோ என்பது பொதுவான மதிப்பீடு. லாரிகளில் அதிகம் பயன்படும் இரும்பு பாஸ்பேட் வகை இதில் கீழ்ப் பக்கம் வரும். 280 யூனிட் பேட்டரிக்கு 20 டன் என்று வைத்துக்கொள்வோம். வண்டி ஒரு கிலோமீட்டர்கூட ஓடுவதற்கு முன்பே வாங்கிவிட்ட கடன் இது.

எவ்வளவு ஓடினால் கடன் அடையும்? முழுக்கச் சூரியனில் ஏற்றினால் கிலோமீட்டருக்கு 1.2 கிலோ மிச்சம். சுமார் 17,000 கிலோமீட்டரில் அடைந்துவிடும். நாளுக்கு 200 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு அது மூன்று மாத வேலை. பாதி சூரியன், பாதி கட்டமைப்பு என்றால் ஏறக்குறைய அதைப்போல் இரண்டு மடங்கு தூரம். இந்தியச் சராசரி மின்சாரத்தில் மட்டும் ஏற்றினால், இன்றைய நிலையில் கடன் அடையவே அடையாது. மின்சாரம் சுத்தமாகும் வரை காத்திருக்க வேண்டும்.

காலம் எந்தப் பக்கம்

அந்தக் காத்திருப்பு வீணா? இல்லை என்பது என் கணிப்பு, அதற்குக் காரணம் இருக்கிறது. டீசல் லாரியின் கார்பன், வாங்கிய அன்றே முடிவாகிவிடுகிறது. 10, 15 ஆண்டுகள் ஓடும் வண்டி, எஞ்சின் தேயத் தேய மைலேஜ் குறையுமே தவிரக் கூடாது. மின்சார லாரியோ, மின் கட்டமைப்பில் ஒவ்வொரு சூரியப் பண்ணை சேரும்போதும் தன்னால் சுத்தமாகிறது. உரிமையாளர் எதையும் மாற்ற வேண்டியதில்லை.

நாட்டின் மொத்த மின் நிறுவு திறனில் பாதி, நிலக்கரியும் எரிவாயுவும் அல்லாதது என்ற நிலையை இந்தியா 2025-ல் எட்டியது. உற்பத்தியாகும் யூனிட்டுகளில் இன்னும் பெரும்பங்கு நிலக்கரிதான், அதை மறக்கக் கூடாது. தேசிய மின் திட்டம் 2031-32-ல் சராசரி யூனிட்டுக்கு 0.43 கிலோ என்று மதிப்பிடுகிறது. அந்த எண் வந்தால் நம் ட்ரெய்லரின் 100 கிலோமீட்டர் கணக்கு 130-லிருந்து 75-ஐ ஒட்டி இறங்கிவிடும். திட்டமிட்ட வேகத்தில் அது நடக்கவில்லை என்றாலும் திசை மாறுவதாகத் தெரியவில்லை.

இந்தப் பகுதியில் எதற்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது

இந்தியச் சந்தையில் உள்ள கனரக மின்சார லாரிகள் ஒரு சார்ஜில் 200 கிலோமீட்டரை ஒட்டி ஓடுகின்றன. அதை வைத்துப் பார்த்தால்:

1. நெய்வேலிச் சாம்பலை அரியலூர் சிமென்ட் ஆலைகளுக்குக் கொண்டுபோகும் பல்க்கர்கள் (தூளை மூட்டையில்லாமல் ஏற்றும் டேங்கர் லாரிகள்): 100 கிலோமீட்டருக்குள் ஓட்டம், தினமும் ஒரே வழி, இரண்டு முனையிலும் தொழிற்சாலை. இதைவிடப் பொருத்தமான ஓட்டம் இந்த மாவட்டத்தில் இல்லை. ஒரே சிக்கல் எடை. பேட்டரி இரண்டு டன்னுக்கு மேல் இருக்கும். எஞ்சின், கியர்பாக்ஸ், டீசல் டேங்க் போனதால் அதில் ஒரு பகுதி மிச்சமாகும். மீதி அளவுக்கு லோடு குறையும், அதே சாம்பலை நகர்த்தக் கூடுதல் நடை வேண்டியிருக்கும். கிலோமீட்டருக்கு எவ்வளவு கார்பன் என்பதைவிட டன்னுக்கு எவ்வளவு என்று கேட்பதே சரி.

2. சிப்காட்டிலிருந்து சென்னைத் துறைமுகம் போகும் கன்டெய்னர்கள்: ஒரு வழியே 190 கிலோமீட்டர் போல. போய்ச் சேரும், அங்கே ஏற்றாமல் திரும்ப முடியாது. துறைமுகப் பக்கம் லாரிக்கான சார்ஜர் வரும்வரை டிரைவரை நடுவழியில் தவிக்கவிடும் ஓட்டம் இது.

3. புதுச்சேரித் தொழிற்பேட்டைகளிலிருந்து கடலூர், விழுப்புரம், திண்டிவனம் கடைகளுக்குச் சரக்குப் போடும் சிறிய வண்டிகள்: இன்றைக்கே மாற்றலாம்.

4. பண்ருட்டியிலிருந்து முந்திரியும் பலாவும் ஏற்றிக்கொண்டு வடமாநிலம் போகும் லாரிகள்: இப்போதைக்கு இல்லை. அங்கே ரயிலைப் பற்றிப் பேசுவதுதான் கார்பனுக்கு நல்லது.

பழைய லாரி எங்கே போகிறது

மத்திய அரசின் பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் மின்சார லாரிகளுக்கு 500 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டிருக்கிறது. 3.5 டன்னுக்கு மேல் 55 டன் வரையிலான வண்டிகளுக்கு, அளவைப் பொறுத்து அதிகபட்சம் 9.6 லட்சம் ரூபாய் வரை உதவி. சுமார் 5,600 லாரிகளுக்கு இது கிடைக்கும். இத்தனை லாரிகளால் நாட்டின் கார்பன் அளவு கண்ணுக்குத் தெரியும்படி மாறிவிடாது. விலை டீசல் லாரியைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இருப்பதால், முதல் சில ஆயிரம் வண்டிகளை ஓட வைத்து விலையைக் கீழே கொண்டுவருவதே நோக்கம்.

இந்தத் திட்டத்தில் அதிகம் பேசப்படாத ஒரு நிபந்தனை உண்டு: உதவி பெற, ஒரு பழைய டீசல் லாரியை உடைப்புக்குக் கொடுத்த சான்று வேண்டும். கார்பன் கணக்கில் மானியத் தொகையைவிட முக்கியமான வரி இதுதான் என்று நினைக்கிறேன். ஒரு கம்பெனி புதிய மின்சார லாரி வாங்கிவிட்டுத் தன் பழைய டீசல் வண்டியை விற்றால், அது ஓய்வு பெறுவதில்லை. செங்கல் லோடுக்கோ கரும்பு லோடுக்கோ மணல் லோடுக்கோ இன்னொருவரிடம் ஓடும், அதுவும் முன்பைவிடக் குறைந்த மைலேஜில். அந்த நிலையில் மின்சார லாரி டீசலுக்குப் பதிலாக வரவில்லை, டீசலோடு கூடுதலாக வந்திருக்கிறது. அதனால் ஒரு நிறுவனம் தன் லாரிகளை மின்சாரத்துக்கு மாற்றியதாக அறிவித்தால், மூன்று விவரங்களைக் கேட்டால் போதும்: எந்த நேரத்தில் சார்ஜ் ஏற்றுகிறார்கள், ஒரு டன் சரக்குக்கு மீட்டரில் எத்தனை யூனிட் ஓடுகிறது, விலக்கிய டீசல் வண்டிகளின் பதிவெண்கள் உடைப்புக் கூடத்தில் ரத்தாகிவிட்டனவா.